வட்டு இல்லாத கணினிக்குள் வட்டு நிரலை ஏற்றிய கதை: பழைய கையடக்கக் கணினிகளோடு எங்கள் அனுபவங்கள்

டேண்டி மாடல் 100 – நியூஜெர்சியிலிருந்து

கடந்த குளிர்காலத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த புத்தகங்களுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும் நடுவே ஒரு டேண்டி மாடல் 100 கணினி, அடாப்டர் சுவரில் செருகிய நிலையிலேயே இருந்தது. விற்றவர், அது தம் தந்தையுடையது என்றும், உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதியவர் அவர் என்றும், கடைசிக்காலம்வரை அதைச் செருகியே வைத்திருக்கச் சொன்னார் என்றும் கூறினார். விலையைப் பேசி முடிப்பதற்கு முன்பே நான் பொத்தானைத் தள்ளிப் பார்த்தேன். திரையில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன; கீழ்வரியில் 2,911 பைட் மிச்சம் என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. 32 கிலோபைட் நினைவகம் உள்ள மாடல் 100 வெறுமையாக இருந்தால் 29,638 பைட் மிச்சம் என்று காட்டும். ஆகவே ஒரு மனிதர் எழுதிய இருபத்தாறாயிரம் பைட்டுக்கு மேற்பட்ட எழுத்து அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது.

இந்தக் கணினியை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்த இதை அமெரிக்காவில் டேண்டி நிறுவனத்தின் ரேடியோ ஷாக் கடைகள் 1983-இல் விற்கத் தொடங்கின. ஏறத்தாழ இதே அமைப்பு என்இசி பிசி-8201ஏ என்றும் ஒலிவெட்டி எம்10 என்றும் வேறு பெயர்களில் வந்தது. 2.4576 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 80சி85 சில்லு, 40 எழுத்து அகலமும் 8 வரி உயரமும் உள்ள திரை, நான்கு டபுள்-ஏ பேட்டரி, உள்ளேயே 300 பாட் மோடம் ஆகியவை இதன் உறுப்புகள். ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்திலேயே செய்தியைத் தட்டச்சு செய்து, தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்ததால் அமெரிக்கச் செய்தியாளர்கள் இதை விரும்பிச் சுமந்தார்கள். ஆனால் இதில் வட்டு கிடையாது. ஃப்ளாப்பியும் இல்லை, ஹார்டு டிஸ்க்கும் இல்லை. கோப்பு என்றால் ரேமில் இருப்பதுதான். ரேமுக்கு மின்சாரம் நின்றால் கோப்பும் இல்லை. பேட்டரி மாற்றும் வேளையில் நினைவகத்தைக் காப்பதற்கென்று 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்றைச் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டு கடந்த அந்த மின்கலம் ஒழுகத் தொடங்கினால், அதன் காரத் திரவம் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். எனவே அதை எடுத்தே தீர வேண்டும். எடுத்தால் கோப்புகள் போய்விடும். எடுக்காவிட்டால் கணினியே போய்விடும்.

அடாப்டரோடு சேர்த்து வாங்கி, அதைக் கழற்றுவதற்கு முன் நான்கு புதிய பேட்டரிகளைப் போட்டு, அடியிலுள்ள நினைவக மின்சுவிட்ச் இயங்கும் நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த அடாப்டர் 6 வோல்ட், நடுமுனை எதிர்மின் வகையைச் சேர்ந்தது. நடுமுனை நேர்மின்னாக உள்ள வேறு அடாப்டரை யாரும் இதில் செருகிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோப்புகளை வெளியே எடுக்கும் வழிகளில் மிகச் சிறந்தது ஒரு வட்டு நிரலை, அதாவது வட்டில் கோப்புகளை எழுதவும் படிக்கவும் வல்ல நிரலை, உள்ளே ஏற்றுவது. டேண்டி இந்தக் கணினிக்கென்று சீரியல் போர்ட்டில் இணையும் ஒரு சிறு ஃப்ளாப்பி டிரைவை விற்றது. அந்த டிரைவோடு பேசும் நிரல்களில் டிஎஸ்-டாஸ் பெயர் பெற்றது. டீனி என்பது ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான இடத்தில் அடங்கும் சிறியது. உண்மையான டிரைவ் கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அந்த டிரைவைப் போலவே பேசும் நிரலை இன்றைய கணினியில் ஓட்டி, இரண்டையும் கேபிளால் இணைத்துவிட்டால், பழைய கணினிக்கு வேறுபாடு தெரியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வட்டிலிருந்து நிரலை ஏற்ற வட்டு நிரல் வேண்டும்; அந்த வட்டு நிரலை எதிலிருந்து ஏற்றுவது?

அதற்கு, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகமான ரோமிலுள்ள பேசிக்தான் வாசல். பேசிக் மொழியில் எழுதிய ஒரு சிறு ஏற்றியைச் சீரியல் போர்ட் வழியாக எழுத்தெழுத்தாக அனுப்பினால், மாடல் 100 அதை யாரோ தட்டச்சு செய்த நிரலைப்போல வாங்கிக்கொள்கிறது. ‘லோட்’ கட்டளைக்குப் பின் மேற்கோள் குறிக்குள் ‘காம்:88என்1இ’ என்று கொடுக்க வேண்டும். முதல் 8 வேகத்தைக் குறிப்பது, அதாவது 9,600 பாட், அடுத்த 8 எழுத்துக்கு எட்டு பிட் என்பது, பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், கடைசி எழுத்து எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் கட்டுப்பாட்டை இயக்குவது. வந்து சேரும் பேசிக் நிரலின் ‘டேட்டா’ வரிகளில் எந்திரமொழியின் பைட்டுகள் எண்களாக அடுக்கப்பட்டிருக்கும். அதை ஓட்டினால் அந்த எண்களை நினைவகத்தின் உச்சியில் ஒவ்வொன்றாக இட்டு, ‘.சிஓ’ கோப்பாகச் சேமித்துவிடும்.

இதற்கும் இடம் வேண்டுமே! பேசிக் ஏற்றிக்கு ஓர் இடம், அது நினைவக உச்சியில் இடும் எந்திரமொழிக்கு ஓர் இடம், அதே எந்திரமொழியைக் கோப்பாகச் சேமிக்க இன்னோர் இடம் என்று ஒரே பொருள் ஒரு நேரத்தில் மூன்று இடத்தில் உட்காரும். டிஎஸ்-டாஸை இப்படி ஏற்ற 2,911 பைட் போதவே போதாது. டீனிக்கே அது இறுக்கம். கொஞ்சம் இடம் விடுவிக்க வேண்டுமானால் அந்தப் பெரியவரின் கோப்பு ஒன்றை அழித்தாக வேண்டும்.

ஆகவே வட்டு நிரலை மறந்துவிட்டு, முதலில் ரோமிலேயே உள்ள டெல்காம் என்ற தகவல்தொடர்பு நிரல் வழியாக எழுத்துக் கோப்புகளை மட்டும் வெளியே அனுப்பினேன். டெல்காமில் எஃப்3 அழுத்தி வேகத்தை அமைத்து, எஃப்4 அழுத்தி டெர்மினலுக்குள் போய், அங்கே மறுபடி எஃப்3 அழுத்தினால் எந்தக் கோப்பை அனுப்ப வேண்டும் என்று கேட்கும். பிறகு வரியின் அகலம் கேட்கும். அகலத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் என்டர் தட்டினால் கோப்பு உள்ளபடியே போகும். இப்படிப் பன்னிரண்டு எழுத்துக் கோப்புகளையும் ஒவ்வொன்றாக இரண்டு முறை அனுப்பி, இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மிச்சமிருந்தவை ஒரு பேசிக் நிரலும் ஒரு ‘.சிஓ’ கோப்பும்தான். பேசிக் நிரலை எழுத்துவடிவில் அனுப்பிவிடலாம். எந்திரமொழிக் கோப்பை டெல்காம் அனுப்பாது. அதற்காகத்தான் வட்டு நிரல் கட்டாயம் தேவைப்பட்டது.

பிரதி இரண்டு கையில் இருந்தும், மிகப் பெரிய எழுத்துக் கோப்பின் பெயரைக் ‘கில்’ கட்டளைக்குப் பின்னால் தட்டிவிட்டு என்டரைத் தொடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்தாட்டக் குறிப்புகள் அவை. ஒவ்வொரு வீரரின் பெயருக்கு எதிரிலும் புள்ளிகள். மூன்றாம் முறையாக ஒரு பிரதி எடுத்து, அதையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் என்டரைத் தட்டினேன்.

அதன் பிறகும் ஏற்றி ஒழுங்காக வந்து சேரவில்லை. ஓட்டினால் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று நின்றது. ‘லிஸ்ட்’ போட்டுப் பார்த்தால் 120-ஆம் வரியின் பாதியும் 140-ஆம் வரியின் பாதியும் ஒன்றாக ஒட்டியிருந்தன. 130 காணவே இல்லை. நான் இரண்டு மாலைப்பொழுதுகளைக் கேபிளைச் சந்தேகித்தே கழித்தேன். உண்மையான காரணம் இதுதான்: பேசிக் ஒவ்வொரு வரியும் வந்து முடிந்தவுடன் அதைத் தன் உள்வடிவத்துக்கு மாற்றுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் ‘நிறுத்து’ என்று எக்ஸ்-ஆஃப் அனுப்புகிறது. என் கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் பயன்படுத்தினேன். நிறுத்து என்ற சொல் வந்து சேர்வதற்குள் அந்த மாற்றியின் இடையகத்தில் ஏற்கெனவே குவிந்துவிட்ட எழுத்துகள் தொடர்ந்து கொட்டிக்கொண்டிருந்தன. 80சி85-ஆல் அவற்றை வாங்கி வைக்க முடியவில்லை. அனுப்பும் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே சில மில்லி விநாடியும், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கால் விநாடியும் காத்திருக்கச் சொன்ன பிறகு ஒரே முறையில் முழுமையாக வந்தது. நிரலின் முடிவில் கன்ட்ரோல்-இசட் என்ற முடிவெழுத்தை அனுப்பாவிட்டால் மாடல் 100 இன்னும் வரும் என்று எண்ணிக் காத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டீனி ஏறியது. அந்த ‘.சிஓ’ கோப்பையும் பேசிக் நிரலையும் உள்ளபடியே என் கணினிக்கு எழுதியது. மின்கலத்தை மாற்றிய கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இத்தகைய கணினிகளில் வட்டு நிரல் ஏற்றியவர்கள், குறிப்பாக உள்ளே யாருடைய எழுத்தாவது இருந்த நிலையில் ஏற்றியவர்கள், தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.


தோஷிபா டி1200 – டொராண்டோவிலிருந்து

ஐயா, தாங்கள் என்டர் விசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததாக எழுதிய இடத்தைப் படித்தபோது என் நிலையே நினைவுக்கு வந்தது. என்னுடையது வட்டுள்ள கணினி. ஆனால் அந்த வட்டை அணுக வழியில்லாத கணினி.

1991-இல் மாணவனாக இருந்தபோது ஒரு தோஷிபா டி1200 மடிக்கணினியை இரண்டாம் கையாக வாங்கினேன். 20 மெகாபைட் ஹார்டு டிஸ்க், 720 கிலோபைட் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று, டாஸ் 3.3 இயங்குதளம். என் ஆய்வேட்டின் முதல் வரைவும், அம்மாவுக்கு எழுதி அச்சிட்டு அனுப்பிய கடிதங்களும் அதில் இருந்தன. அம்மா இறந்த பிறகு அந்தக் கடிதங்களைத் தேடி அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். மின்சாரம் கொடுத்ததும் இயங்கியது. ஹார்டு டிஸ்க் ஒருவித முனகலுடன் சுழன்று, இரண்டாம் முயற்சியில் டாஸ் வந்தது. ஃப்ளாப்பி மட்டும் படிக்கவில்லை. அதன் தலையை நகர்த்தும் திருகுத் தண்டில் பூசிய மசகு, மெழுகைப்போல் இறுகிக் கிடந்தது.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. டி1200-இல் அது நடக்காது. அதன் ஹார்டு டிஸ்க் 26 முனை கொண்ட தனிவகை இணைப்பில் பொருந்தியது; பின்னாளில் பொதுவாக வந்த ஐடிஇ அன்று. ஆக, வெளியே வர எஞ்சிய வாசல் சீரியல் போர்ட் ஒன்றுதான்.

இவ்விடத்தில் எனக்கு உதவியது 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-உடன் சேர்ந்து வந்த இன்டர்லிங்க் என்ற நிரல். அதன் துணை நிரலான இன்டர்சர்வரில் ‘ஆர்காப்பி’ என்ற சிறப்புத் தெரிவு ஒன்று இருக்கிறது. மறுபக்கக் கணினியில் இன்டர்லிங்க் இல்லாவிட்டாலும், ஃப்ளாப்பியே இல்லாவிட்டாலும், சீரியல் கேபிள் வழியாகத் தன்னையே அங்கே நகலெடுத்துக்கொள்ளும். அது கேட்பது இரண்டே கட்டளைகள். முதலாவது, ‘மோட்’ கட்டளையால் முதல் சீரியல் போர்ட்டை 2,400 பாட் வேகத்துக்கு அமைப்பது. இரண்டாவது, ‘சிடிடிஒய் காம்1’ என்பது. இந்த இரண்டாவதைத் தட்டிய கணத்தில் டி1200-இன் விசைப்பலகை செத்துப்போனதைப்போல் ஆகிவிடும். எந்த விசையை அழுத்தினாலும் திரையில் ஒன்றும் வராது. அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கட்டளை டாஸிடம், இனி உன் விசைப்பலகையும் திரையும் சீரியல் போர்ட்தான் என்று சொல்லிவிடுகிறது. அதன் பிறகு மறுமுனைக் கணினி தட்டச்சு செய்ய, டி1200 கீழ்ப்படிகிறது.

எனக்கு முதல் நாள் இது நடக்கவில்லை. தாங்கள் கேபிளைச் சந்தேகித்துப் பிறகு அது குற்றமற்றது என்று கண்டீர்கள். எனக்கு நேர்மாறாக, கேபிளேதான் காரணம். என்னிடம் இருந்தது அனுப்பல், பெறல், தரை என்று மூன்றே கம்பிகள் உள்ளது. ஆர்காப்பிக்கு இரு கணினிகளை நேரடியாக இணைக்கும், ஏழு கம்பி உள்ள நல்-மோடம் கேபிள் வேண்டும் என்று டாஸின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. ஏழு கம்பிக் கேபிளை நானே பற்றவைத்து இணைத்த பிறகு, இரு நிரல்களும் சில நிமிடங்களில் டி1200-இன் ஹார்டு டிஸ்க்குக்குள் போய் உட்கார்ந்தன.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. பழுதான வட்டைக் கண்டால் நம்மில் பலருக்குக் கை முதலில் போவது செக்-டிஸ்க் அல்லது நார்ட்டன் போன்ற திருத்தும் நிரலை நோக்கித்தான். ‘எஃப்’ தெரிவு இல்லாத செக்-டிஸ்க் வெறுமனே பார்த்துச் சொல்லும். அதனால் கெடுதல் இல்லை. ‘எஃப்’ சேர்த்தால் அது வட்டின் மேல் எழுதத் தொடங்கிவிடும். உறவறுந்த துண்டுகளையெல்லாம் ‘.சிஎச்கே’ கோப்புகளாக மாற்றி வைக்கும். எந்தத் துண்டு எந்தக் கடிதத்தினுடையது என்பது அதற்குத் தெரியாது. முனகிக்கொண்டு சுழலும் ஒரு ஹார்டு டிஸ்க்கின் மீது முதலில் எழுதுவது, மூச்சு வாங்கும் முதியவரை மாடிப்படி ஏறச் சொல்வதற்கு நிகர். ஆகவே நான் டி1200-இல் இன்டர்சர்வரையும், பழைய 486 கணினியில் இன்டர்லிங்கையும் ஓட்டி, படிப்பதை மட்டும் செய்தேன். 38,400 பாட் வேகத்தில் விநாடிக்கு 3,840 பைட்டுக்கு மேல் வர இயலாது. பதினொரு மெகாபைட் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் நான் அறையை விட்டு நகரவில்லை. இரண்டு கோப்புகளில் படிக்க முடியாத இடம் வந்து, நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று டாஸ் கேட்டது. முதல் கோப்பு ஏழாவது முறை ‘மறுபடி’ என்றதும் இசைந்தது. இரண்டாவது இசையவில்லை, அது வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற எழுத்து நிரலின் அச்சுப்பொறிக் கோப்பு என்பதால் இழப்பில்லை.

எல்லாம் வந்து சேர்ந்து, 486-இல் ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து பார்த்த பிறகுதான், அதே கேபிள் வழியாக நார்ட்டன் யுடிலிட்டீஸின் பழைய பதிப்பை டி1200-க்கு அனுப்பி வட்டைச் சோதிக்க விட்டேன். அது கெட்ட இடங்களைக் குறித்து ஒதுக்கியது. இன்றும் கணினி ஓடுகிறது.


என்இசி பிசி-8201ஏ – சிங்கப்பூரிலிருந்து

என் அனுபவம் சிறியது, ஆனால் யாரும் மறுபடி செய்யாதிருக்க எழுதுகிறேன். மேலே முதலாமவர் மாடல் 100-உம் 8201ஏ-உம் ஏறத்தாழ ஒரே அமைப்பு என்று எழுதியிருக்கிறார். சில்லும் திரையும் அப்படித்தான். ரோம் அப்படியன்று. மாடல் 100-க்கான டீனி ஏற்றியை நான் 8201ஏ-இல் ஓட்டியபோது ‘கால்’ என்ற சொல் வந்த வரியில் இலக்கணப் பிழை என்று நின்றது. என்இசியின் பேசிக்கில் அந்த வேலைக்கு ‘எக்ஸெக்’ என்ற சொல் இருப்பதை அறிந்திருந்ததால், சொல்லை மட்டும் மாற்றி ஓட்டினேன். எந்திரமொழி நிரல் திரையில் எழுதவும் போர்ட்டைப் படிக்கவும் ரோமுக்குள் குறிப்பிட்ட முகவரிகளுக்குத் தாவும்; அந்த முகவரிகளில் என்இசியின் ரோமில் வேறு எதுவோ இருந்தது. திரை உறைந்தது. மீட்டெழுந்தபோது பட்டியலில் என் கோப்பு ஒன்றுகூட இல்லை. என் மகன் எட்டு வயதில் எழுதிய ஒரு விளையாட்டு நிரல் அதில் இருந்தது. பேசிக் எங்கேயாவது பிழை என்று நின்றால், அது நம்மைக் காப்பாற்ற நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கணினிக்கே உரிய பதிப்பைத் தேடுங்கள். டீனியும் டிஎஸ்-டாஸும் என்இசிக்குத் தனியாகவே கிடைக்கின்றன.


மாடல் 102-உம் ஒரு பின்னல் இயந்திரமும் – கிளாஸ்கோவிலிருந்து

முதல் பதிவில் அண்ணா குறிப்பிட்ட அந்தச் சிறு ஃப்ளாப்பி டிரைவைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது; ஏனென்றால் நான் இந்த உலகுக்குள் வந்ததே அதன் வழியாகத்தான். நான் கணினிக்காரி அல்லள். ஸ்வெட்டர் பின்னுகிறவள். என் பிரதர் கேஎச்-940 பின்னல் இயந்திரம் தன் பூவேலைப்பாட்டு வடிவங்களை எஃப்பி-100 என்ற டிரைவில் சேமிக்கும். டேண்டி விற்ற முதல் சிறு டிரைவும் பிரதர் நிறுவனம் செய்ததே. உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்று.

அதன் வட்டு பார்ப்பதற்குச் சாதாரண மூன்றரை அங்குல வட்டுதான். ஆனால் எழுதும் முறை வேறு. ஒரே பக்கத்தில் 40 தடங்கள், தடத்துக்கு இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 1,280 பைட் என்று மொத்தம் 1,02,400 பைட். சாதாரணக் கணினியின் ஃப்ளாப்பி டிரைவில் இதைப் போட்டால், வடிவமைக்கப்படாத வட்டு, வடிவமைக்கவா என்று கேட்கும். தயவுசெய்து ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மூதாட்டியிடமிருந்து எனக்கு வந்த பதினேழு வட்டுகளில் ஒன்று, இடையில் யாரோ அப்படி ஆம் என்று சொன்னதால் வெறுமையாக இருந்தது. அவர் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த ஃபேர் ஐல் என்ற பலநிறப் பின்னல் வடிவங்களில் ஒரு பகுதி அதில் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வட்டுகளைப் படிப்பதற்காகவே, 1986-இல் வந்த, மாடல் 100-ஐ விட மெலிந்த மாடல் 102 ஒன்றை வாங்கினேன். அதில் வட்டு நிரலை ஏற்றியது அண்ணா சொன்ன முறையில்தான். காத்திருக்கும் நேரத்தை அனுப்பும் பக்கத்தில் கூட்டி வைத்ததால் முதல் முறையே ஏறியது. ஆனால் டிரைவ் வாய் திறக்கவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, மோட்டாரிலிருந்து வட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை உருகி, கப்பியின் மேல் கரும்பசையாகப் படிந்திருந்தது. மூடியைத் திறந்ததும், வெயிலில் வைத்த பழைய வெல்லப்பாகைப்போல் நூல் நூலாக இழுத்தது. பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து அதைத் துடைத்தெடுக்க ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. தலையின் மேல் ஒரு துளிகூடப் பட்டுவிடாமல் காகிதம் வைத்து மறைத்துக்கொண்டேன். புதிய தட்டைப் பட்டை போட்டதும் சீராகச் சுழன்றது.

இரண்டாவது காரணம் வேகம். பின்னல் இயந்திரத்துக்கென்று வந்த என் டிரைவ் 9,600 பாட் வேகத்தில் மட்டும் பேசும்படி அமைக்கப்பட்டிருந்தது. மாடல் 100-க்கும் 102-க்கும் எழுதப்பட்ட வட்டு நிரல்கள் 19,200-ஐ எதிர்பார்க்கின்றன. இருவரும் ஒரே மொழி பேசியும் ஒருவர் வேகம் ஒருவருக்குப் புரியவில்லை. டிரைவின் போர்டில் ஓர் இணைப்பை மாற்றிப் பற்றவைத்து வேகத்தைக் கூட்டிய பிறகு உரையாடல் தொடங்கியது. பின்னலுக்காகப் பயன்படுத்தும்போது அதைத் திரும்ப மாற்ற வேண்டும் என்பதால், அவ்விடத்தில் ஒரு சிறு சுவிட்சை வைத்துவிட்டேன். பதினாறு வட்டுகளும் இப்போது பிரிவு பிரிவாகப் படித்துப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.


மறுபடியும் மாடல் 100 – நியூஜெர்சியிலிருந்து

என்இசி பற்றி எழுதியவருக்கு என் வருத்தம். ‘ஏறத்தாழ இதே அமைப்பு’ என்ற என் சொல் யாரையும் அந்த வழியில் இழுத்துவிடக் கூடாது. ரோம் வேறு என்பதை நானே அங்கே எழுதியிருக்க வேண்டும். முதலில் படித்தெடுப்பது, பிறகே திருத்துவது என்று டொராண்டோ ஐயா சொன்ன வரிசையை நான் அப்படியே ஏற்கிறேன். கிளாஸ்கோ சகோதரியின் சுவிட்ச் யோசனை மிக நன்று.

மின்கலத்தை மாற்றிய கதையைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். எல்லாக் கோப்புகளும் வெளியே வந்து, மூன்று இடங்களில் பிரதி வைத்த பிறகு, நினைவக மின்சுவிட்சை நிறுத்தி, நான்கு திருகுகளையும் கழற்றினேன். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கம்பிக்கட்டால் இணைந்திருப்பதால் புத்தகத்தைப்போல மெல்லத் திறக்க வேண்டும். மின்கலத்தின் ஒரு முனையில் வெள்ளைப் பொருக்கும், அதற்குப் பக்கத்திலிருந்த இரண்டு செம்புக் கோடுகளின் மேல் நீலப்பச்சையும் படிந்திருந்தன. இன்னும் சில மாதங்கள் கடந்திருந்தால் கோடு அறுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பொருக்கை வினிகரால் தணித்து, தண்ணீராலும் ஆல்கஹாலாலும் துடைத்து, உலரவிட்டு, புதிய மின்கலத்தைப் பற்றவைத்தேன்.

கன்ட்ரோல், பிரேக் இரண்டையும் பிடித்துக்கொண்டு ரீசெட் அழுத்தியதும் நாள் 1900 ஜனவரி 1 என்றும், மிச்சம் 29,638 பைட் என்றும் திரை காட்டியது. பட்டியலில் ஐந்து ரோம் நிரல்களைத் தவிர மற்ற இடமெல்லாம் வெறும் கோடும் புள்ளியுமாக இருந்தது. இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. டீனியை ஏற்றி, அதன் வழியே கோப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே கொண்டுவந்தேன். மாடல் 100-இன் எழுத்து நிரலில் சொற்களை எண்ணும் வசதி கிடையாது. அந்தப் பேசிக் நிரல் அதற்காக அந்தப் பெரியவர் தாமே எழுதிக்கொண்டது. அதன் முதல் குறிப்பு வரியில் 600-க்கு மேல் போகாதே என்று எழுதி வைத்திருந்தார். அதை அவருடைய செய்தி ஒன்றின் மேல் ஓட்டிப் பார்த்தேன், 594 என்றது.

எல்லாம் உள்ளே போன பிறகு டீனியை அழித்து, நினைவக எல்லையைப் பழையபடி ‘மேக்ஸ்ரேம்’ அளவுக்கு உயர்த்திவிட்டு, பேசிக்கிலிருந்து பட்டியலுக்குத் திரும்பினேன். கீழ்வரியில் 2,911 பைட் மிச்சம் என்று இருந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து அவருடைய மகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.